மேல் வீட்டு வாடகை

கால்சட்டைக்கு விளிம்பு மடித்துத் தைப்பதில் எங்கள் மேல் வீட்டுத் தையல்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதோ, நான் போட்டிருப்பதும் அவர் கை பட்டதுதான். கூலி வாங்க மாட்டார். "வீட்டுக்காரத் தம்பிகிட்ட காசு வாங்கினா கை கூசுது" என்பார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

கடனைப் பற்றிக் கேட்டீர்கள். சம்பளக்காரனுக்குத் தரும் வீட்டுக்கடனில் ஒரு வீடு வாங்கலாம். மூச்சைப் பிடித்தால் இரண்டு. அதற்குமேல் போனால் சம்பளச் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். வணிகக் கடன் அப்படியல்ல. அது என்னைப் பார்க்காது, கட்டடத்தைத்தான் பார்க்கும். வாடகை ஒழுங்காக வந்தால் தவணையைக் கட்டடமே கட்டிக்கொள்ளும். ஒரு கம்பெனி தொடங்கி, குடியிருந்த வீட்டையும் ஈடு வைத்து, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை வாங்கினேன். "அகலக்கால் வைக்கிறீங்க மச்சான்" என்றார் மைத்துனர். அவர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார், அதனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தக் கடனில் ஒரு சங்கடம். சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது வங்கி மறுபடி கணக்குப் பார்க்கும். மேலாளர் அம்மா தங்கமானவர்.

"எல்லா வீடும் சரியா இருக்கு சார், மேல் வீடுதான் இடிக்குது. ஆள் இருந்தா அவர் குடுக்குற சொற்ப வாடகையத்தான் நாங்க போடணும். காலியா இருந்தா இன்னிக்கு என்ன வாடகை போகுமோ அதைப் போட்டுக்கலாம்."

அதாவது, தையல்காரர் இருந்தால் வீட்டுக்கு மதிப்பில்லை, இல்லாவிட்டால் உண்டு. புதுப்பிக்காவிட்டால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். என் பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிடும். பயந்துதான் போனேன்.

தையல்காரரோ, ஆயுசுக்கும் அதே பழைய வாடகை என்று பழைய உரிமையாளரிடம் எழுதி வாங்கியவர். சட்டப்படி அசைக்க முடியாது. நானும் சட்டத்தை மதிக்கிறவன்.

ஒருநாள் அவரேதான் சொன்னார்: "டாக்டர் இனி படியே ஏறக் கூடாதுன்னுட்டார் தம்பி. ஏதோ உங்க லிஃப்ட் புண்ணியத்துல நம்ம வண்டி ஓடுது." அந்த வாரமே லிஃப்ட் நின்றுபோனது.

மெக்கானிக் உங்களிடம் சொன்னது உண்மை. லிஃப்டில் ஒரு கோளாறும் இல்லை. அதை நிறுத்தி ஓட்டும் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று எழுதி மாட்டினேன். மற்றக் குடித்தனக்காரர்கள் முணுமுணுத்தார்கள். தையல்காரர் தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவரோ மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். சில நாள் அவர் பையை வாங்கிக்கொண்டு நானும் கூடவே ஏறுவேன். அவர் மூச்சு வாங்க நின்றால் நானும் நிற்பேன். ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

பிறகு ஒருநாள் மடித்த நோட்டுகளை என் கையில் திணித்தார். "லிஃப்டுக்கு என் பங்கு தம்பி. ஒத்தை ஆளா நீங்க எவ்வளவுதான் தாங்குவீங்க?"

கண் கலங்கிவிட்டது எனக்கு. வாங்கிக்கொண்டேன், மறுத்தால் பெரியவர் மனம் புண்படும். இவர் தானாகக் காலி செய்து போகிற ஆள் இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. டாக்டர் சொன்னதும் ஞாபகம் இருந்தது. அப்போதே சாவியைத் திருப்பியிருக்கலாம். திருப்பவில்லை. அவர் சாகட்டும் என்றுதான் திருப்பவில்லை. நீங்கள் கேட்டது இதைத்தானே, சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தூக்க வந்தவர்கள் படிக்கட்டைப் பார்த்து மலைத்து நின்றார்கள். சாவியை எடுத்து லிஃப்டை ஓட்டிவிட்டேன். குடித்தனக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாட்டிக்கொள்வேன் என்று தெரியாதவனா நான்? ஆனாலும், ஐயா, லிஃப்டுக்குப் பங்கு கொடுத்த மனிதரைப் படி வழியாக இறக்க எனக்கு மனசு வரவில்லை.