தாத்தாவின் மூக்கு நிழல்

வெயிலில் நின்று எடுத்த படத்தில் எல்லோருடைய மூக்கின் நிழலும் ஒரே பக்கம்தான் விழ வேண்டும். சூரியன் ஒன்றுதானே. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்தில் எல்லோரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டிருந்தார்கள், தாத்தாவைத் தவிர. அவருடைய மூக்கின் நிழல் மட்டும் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சும்மா விட முடியுமா? மேஜை விளக்கை வைத்து, உருளைக்கிழங்குகளை வரிசையாக நிறுத்தி, பட்டாணியை மூக்காகக் குத்திச் சோதனை செய்தேன். வெளிச்சத்தைத் திருப்பிவிட நடுவில் ஒரு கண்ணாடிகூட வைத்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது நான் எங்கள் குடும்ப வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன். இதோ, நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் புத்தகம். அதன் நாயகர், நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன தாத்தா. குறிப்பாக, அவருடைய சதுரமான தாடை. அது என்னிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று விளக்கப்படத்தோடு ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. அது ஊராருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே நான் தாடி வைத்ததில்லை.

கடைசியில் பெரியப்பாவிடம் கேட்டேன். அப்பாவின் அண்ணன், அந்தத் தலைமுறையில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். பிள்ளைகள் இல்லாததால் என்னோடுதான் இருந்தார். நிழலைக் காட்டியதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அது உங்க தாத்தாவே இல்லடா. எங்கப்பா கேமராவைக் கண்டா ஓடிருவாரு. அவர் போனப்புறம், மாட்டுறதுக்கு ஒரு முகம் வேணுமேன்னு ஸ்டுடியோக்காரரைக் கேட்டோம். யார் யாரோ எடுத்துட்டு வாங்காமப் போன படமெல்லாம் ஒரு பெட்டி நெறைய வச்சிருந்தாரு. தாடை நல்லாருக்குன்னு நான்தான் இதைப் பொறுக்குனேன். வெட்டி ஒட்டிக் குடுத்தாரு."

"நெஜ தாத்தாவுக்குத் தாடை எப்படி இருக்கும்?"

"தாடையா? கழுத்து நேரா ஒதட்டுல வந்து முடியும்."

போய்க் கண்ணாடியில் பார்த்தேன். என் கழுத்தும் ஏறக்குறைய அங்கேதான் முடிந்தது. இத்தனை வருடமும் சவரம் செய்யும்போது நான் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

புத்தகம் அச்சுக்குப் போகும் நிலையில் இருந்தது. வெளியீட்டுக்குச் சொந்தபந்தம் முழுவதையும் அழைத்திருந்தேன். இந்தக் கதையை மேடையில் தானே சொல்லப்போவதாகப் பெரியப்பா அறிவித்தார். வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள், விழா களைகட்டும் என்றார். எனக்கு உபகாரம் செய்வதாகவே நினைத்தார். பகையாக இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம்.

புத்தகத்தில் சமையல் பகுதியும் உண்டு. தாத்தா தன் கையால் வைக்கும் காய்கறி சூப்பின் அளவுகளைப் பெரியப்பாதான் எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கு இதயம் பலவீனம். டாக்டர் உப்பைக் கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தார். ஏன் என்று நான் அவருக்குப் படம் வரைந்தே விளக்கியிருக்கிறேன். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தண்ணீர் கூடினால் களைத்த இதயத்தால் தள்ள முடியாது. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் சூப்பை உப்பில்லாமல்தான் வைத்துக்கொண்டிருந்தேன். இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணீரா என்று தினமும் கேட்பார்.

வரலாறு எழுதுகிறவன் மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் அல்லவா? தாத்தாவின் அளவுப்படி உப்பைப் போட ஆரம்பித்தேன்.

முதல் கரண்டியிலேயே பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்டா எங்கப்பா கைப்பக்குவம்" என்றார். இன்னொரு கிண்ணம் கேட்டார்; கொடுத்தேன். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை என்றார்; பெரிய செருப்பு வாங்கி வந்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். இன்னொரு தலையணை வைத்தேன். டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னபோது, மெய்ப்புத் திருத்திவிட்டுப் போகலாம் என்றேன். நிஜமாகவே நிறையப் பிழைகள் இருந்தன.

அவர் போன அன்று, பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ளாது என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். வெளியீடு தள்ளிப்போனது. மாட்டிக்கொண்டதும் என்னால்தான், விளக்காமல் இருக்க முடியாத வியாதி எனக்கு. சூப்புக்கு ஓர் அடிக்குறிப்பு சேர்த்துவிட்டேன்: 'பெரியப்பாவுக்குக் கடைசிவரை இதே உப்பு அளவில்தான் செய்து கொடுத்தேன், ரசித்துச் சாப்பிட்டார்.' டாக்டரையும் விழாவுக்கு அழைத்திருந்தேன். புத்தகத்தை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

ஆமாம், தெரிந்தே போட்டேன். அவர் மேடை ஏறக் கூடாது, அதற்குள் இறந்துவிட வேண்டும் என்றுதான் போட்டேன். ரசித்துச் சாப்பிட்டார் என்பதும் உண்மை, அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் இருக்கும் படத்தில் நிழல் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டீர்கள். அது எளிது. ஒட்டிய முகத்தை மட்டும் இடவலமாகத் திருப்பி அச்சடிக்கச் சொன்னேன். இப்போது எல்லா நிழலும் ஒரே பக்கம் விழுகிறது.