நீல ஃபியட்டின் கடைசிப் பூச்சு

கார் பெயிண்ட் என்றால் எல்லோரும் அடிப்பதைத்தான் நினைக்கிறார்கள் சார். வேலை முழுக்கத் தேய்ப்பதில் இருக்கிறது. பட்டி வைத்துத் தேய்க்க வேண்டும், பிரைமர் அடித்துத் தேய்க்க வேண்டும், நிறம் ஏறிய பிறகும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் எங்கேயும் தட்டக் கூடாது. இதெல்லாம் முருகையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் வீடு செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி உள்ளே போகிற தெருவில் இருக்கிறது. மனைவி சரோஜா போன பிறகு நான் மட்டும்தான். குளிர்காலத்தில் மாடி அறைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். பார்த்தால் கைகூப்பிச் சிரிப்பார்கள். வெயில் ஏறியதும் போய்விடுவார்கள். பௌர்ணமியன்று கிரிவலம் போகிற ஜனம் தெருமுனையில் ஓயாமல் நடக்கும். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது தண்ணீர் கேட்பார்கள், கொடுப்பேன், குடித்துவிட்டு நடப்பார்கள்.

பின்னால் ஷெட்டில் மாமனாருடைய பழைய ஃபியட் துருப்பிடித்துக் கிடந்தது. அதைப் புதுசாக்கலாம் என்று தோன்றியது. அடி அண்ணாமலையிலிருந்து பெயிண்டர் முருகையனை வரச் சொன்னேன். கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தவர். வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் தட்டிப் பார்த்து, "தகரம் நல்லா இருக்குங்க சார். அடிச்சா கண்ணாடி மாதிரி வரும்" என்றார்.

தினமும் வந்தார். நான் சமைத்தேன், இரண்டு பேரும் ஷெட் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருக்கு ரசம் ஜாஸ்தி வேண்டும், காரம் கம்மியாக இருக்க வேண்டும். அவரும் மனைவியை இழந்தவர். தமிழ்செல்வி என்று ஒரே பெண், ஓசூரில் பள்ளிக்கூட டீச்சர். இந்த வேலை முடிந்ததும் மகளோடு போய்விடப் போவதாக முதல் நாளே சொல்லியிருந்தார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிறம் அடிக்கும் அன்று அவர் வண்டியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் பெயிண்ட் கலக்கப் போனார். நான் தலையைத் தடவிக்கொண்டு, அந்த எண்ணெய் விரலை பானெட்டில் அங்கங்கே வைத்தேன். எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகிச் சின்னச் சின்னக் குழியாக நிற்கும். அதுவும் அவர் சொன்னதுதான். அவர் குனிந்து குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"என் கைதான் சார் சரியில்ல. திரும்பத் தேச்சு அடிச்சுத் தரேன்."

"மெதுவா செய்ங்க. எனக்கு என்ன அவசரம்" என்றேன்.

அடுத்த முறை கதவில் வைத்தேன். அதற்கடுத்து டிக்கியில். தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அவருக்கு ஆறுதல் சொல்ல நான் இருந்தேன்.

சித்திரையில் தமிழ்செல்வி போன் செய்து, வந்து கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாள். நிறம் ஒருவழியாகச் சரியாக அமைந்திருந்தது. மேலே பளபளப்புக்கு அடிக்கும் கிளியர் பூச்சு ஒன்றுதான் பாக்கி. அந்தப் பூச்சின் புகை நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும் என்று மகள் ஒரு முகமூடி வாங்கித் தந்திருந்தாள். இரண்டு பக்கமும் வட்டமாக வடிகட்டி வைத்தது. "இது இல்லாம ஸ்ப்ரே கன்னைத் தொடக் கூடாதுன்னு பொண்ணு சத்தியம் வாங்கிச்சு" என்று சிரிப்பார்.

அன்று அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது, இரண்டு வடிகட்டிகளையும் திறந்து உள்ளிருந்த கரியைக் கொட்டிவிட்டு, பழையபடி மூடி வைத்தேன். அவருக்குச் சளி பிடித்திருந்ததால் வாசனை தெரியாது. கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போனால் பயணம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் நினைத்தேன்.

தூசி வரக் கூடாதென்று ஷெட்டை அடைத்துக்கொண்டு அடித்தார். இருமல் கேட்டது. பூச்சைப் பாதியில் விட்டால் கோடு விழும் என்பதால் அவர் நிறுத்த மாட்டார் என்று எனக்குத் தெரியும். முடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "வந்துடுச்சு சார், போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். குழி இல்லை, கோடு இல்லை. மேலே ஓடு போட்ட கூரை முழுசும் அதில் தெரிந்தது.

அவரை மாடி அறையில் படுக்க வைத்தேன். மிளகுப் பால் கொடுத்தேன். முதுகில் தலையணை வைத்து, இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மூச்சு வாங்கியது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் சார். நெஞ்சு அடைக்குது."

"சளிதான் முருகையா. வெயில்ல அலையாதீங்க."

மகள் போன் செய்தபோதெல்லாம் நான்தான் எடுத்தேன். அப்பா தூங்குகிறார், லேசான ஜுரம்தான், மெதுவாக வா என்றேன். போனை வாங்க அவர் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பேச முடியாததால் நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். சரோஜாவைப் பற்றி நான் யாரிடமும் அவ்வளவு பேசியதில்லை.

உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. காலமெல்லாம் பெயிண்ட் அடித்த நுரையீரல் என்றார் டாக்டர். யாரும் எதுவும் கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து தமிழ்செல்வி அவருடைய சாமான்களை எடுத்துப்போக வந்தாள். காரைத் தடவிப் பார்த்து அழுதாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"கடைசியா பக்கத்துல நீங்களாவது இருந்தீங்களே சார்."

காபி கொடுத்தேன். அடிக்கடி வந்து போம்மா என்றேன்.

"இனிமே இந்த ஊர்ல எனக்கு யாருங்க சார் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அதனால்தான் இன்று நானே ஸ்டேஷனுக்கு உங்களைத் தேடி வந்தேன். முருகையனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கொட்டிய கரி ஷெட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் இருக்கும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் சார். வழக்கு என்றால் வாய்தாவுக்கு வாய்தா அந்தப் பெண்ணும் வருவாள், இல்லையா? ஓசூரிலிருந்து முதல் பஸ் பிடித்தால் கோர்ட்டு தொடங்குவதற்குள் வந்துவிடலாம். அவளுக்கு அலைச்சல்தான். ஆனால் அப்பாவைப் பற்றிப் பேச அவளுக்கும் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?