ஏழாம் குழிப் பச்சை

— அந்த ரெண்டு வாளியையும் கீழ வை. ஏழாம் குழிகிட்ட என்ன வேலை பண்ணி வெச்சிருக்கே நீ?

— என்னண்ணே பண்ணேன்?

— புல்லு முழுக்க மஞ்சளாச் செத்துக் கிடக்கு. நடுவுல ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பச்சைப்பசேல்னு! அதுலயும் வட்டவட்டமா ரெண்டு ஓட்டை வேற. கோல்ஃப் ஆட வர்றவன் பாத்தா காறித் துப்ப மாட்டான்?

— மஞ்சளைப் பாத்தா, பச்சையைப் பாத்தா?

— வாய்க்கு வாய் பேசாதே. இங்க நான் உன் அண்ணன் இல்ல, புல்வெளிப் பொறுப்பாளர். நீ மருந்து அடிக்கிறவ.

— அண்ணன் இல்லன்னு காலைலயே தெரிஞ்சுடுச்சு. "மருந்து அடிப்பவரின் கவனக்குறைவால் புல் அழிந்தது." கமிட்டிக்கு இப்படி அறிக்கை எழுதினியா இல்லியா?

— யாரு சொன்னா உனக்கு?

— பிரிண்டர்ல இன்னொரு காப்பி கிடந்துது.

— மூணு மணிக்கு கிளப் கமிட்டி பார்வைக்கு வருது. பத்து நாள்ல போட்டி. யாராவது பதில் சொல்லியாகணும்ல?

— அதுக்கு என் சோத்துல மண்ணள்ளிப் போடுவியா? என் வீட்டுக்காரர் இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கார். என் சம்பளத்துலதான் அடுப்பு எரியுதுன்னு உனக்குத் தெரியாது?

— வேற வேலை பாத்துத் தர்றேன்.

— நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். மரத்தடிச் சருகுலேருந்து புல்லை அழிக்கிற கூன்வண்டு கிளம்பின முதல் வாரமே புல்லு மேல சோப்புத் தண்ணி ஊத்திப் பாத்தேன். பத்து நிமிஷத்துல முப்பத்தோரு வண்டு மேல வந்துச்சு. நீ சொன்ன மருந்தை அடிச்சு, மூணு நாள் கழிச்சுத் திரும்ப ஊத்தினேன். இருபத்தொன்பது! ஓடி வந்து சொன்னேனா இல்லியா?

— நீ தண்ணியைக் கூடக் கலந்திருப்பே.

— கலக்கும்போது பக்கத்துல நின்னு அளவு பாத்தது யாரு? நீதானே!

— பத்து வருஷமா இதே மருந்துதான். ஒரு குறை வந்ததில்ல.

— பத்து வருஷமா அதையே ஊத்தினா? வண்டுக்குக் காலைக் காபி மாதிரி பழகிடுச்சு.

— அப்போ அந்தப் பச்சை எப்படி வந்துச்சு?

— அந்த இடத்துல உன் மருந்து ஒரு சொட்டு படல. பலகை வெச்சு மறைச்சுட்டேன். அந்த வண்டு முட்டையிலேருந்து வந்து தண்டுக்குள்ள குடையற புழுவைக் கொல்ற மருந்து ஒண்ணு கடைக்காரர் சாம்பிள் கொடுத்தார். அதை அடிச்சேன்.

— என்னைக் கேக்காமலா? யாரு கொடுத்த தைரியம் இது?

— கேட்டேனே! போன வருஷமே மருந்தை மாத்தணும்னு மனு எழுதிக் கொடுத்தேன். சிவப்பு மையில குறுக்கால "தேவையில்லை"ன்னு கிறுக்கி என் மூஞ்சியில வீசினே. மறந்துட்டியா?

— கத்தாதே. ஷெட்டு முழுக்கக் கேக்குது.

— கேக்கட்டும். வாளிக்குள்ள பாரு. ரெண்டுலயும் உப்புத் தண்ணி. ஒவ்வொண்ணுலயும் ஒரு வட்டம் புல்லை வெட்டிப் பிச்சுப் போட்டிருக்கேன். புழு இருந்தா மிதக்கும். இது மஞ்சப் புல்லு, எண்ணு.

— ...பதினேழு.

— இது பச்சை.

— ...ஒண்ணு.

— இப்பச் சொல்லு, யாரோட கவனக்குறைவு?

— சரி, சரி. மண்வெட்டியை எடு. கமிட்டி வர்றதுக்குள்ள அந்தப் பச்சையை வெட்டித் தூக்கிடு.

— செத்ததை விட்டுட்டு உயிரோட இருக்கிறதை வெட்டவா?

— அது அங்க இருந்தா நான் மாட்டிப்பேன். என் பிள்ளைங்களை நினைச்சுப் பாரு.

— என் பிள்ளைங்களை நீ நினைச்சியா? சீ! உன்னை அண்ணன்னு கூப்பிடவே நாக்கு கூசுது.

— நீ வெட்டலன்னா நானே வெட்டிக்கிறேன், தள்ளு. ஆமா... பச்சையில ரெண்டு ஓட்டை இருந்துதே. வாளியில ஒரு வட்டத்துப் புல்லுதானே கிடக்கு. இன்னொண்ணு எங்க?

— கமிட்டித் தலைவர் மேசை மேல. நீ கிறுக்கின மனு காத்துல பறந்துடக் கூடாதில்ல? அது மேல பாரமா வெச்சுட்டுத்தான் வந்தேன்.