பாதிச் சவரத்தில் ஜியாலஜி

ஹலோ... சொல்லும்மா! கடையிலதான். ஒருத்தருக்குப் பாதிச் சவரம் ஆயிருக்கு, பரவால்ல, பேசு... எங்க நிக்கிற? காலேஜ்ல ஆலோசகர் மேடம் ரூம் வாசல்லயா? இன்னும் உள்ள போகலியா?... அடிப்பாவி! பாடம் மாத்துற ஃபாரம் நாலு மணியோட முடியுதுல்ல?... ஆமா ஆமா, மணி மூணே முக்கால். எங்கிட்டயும் கடிகாரம் இருக்கு.

...என்னது, நான் திட்டுவேன்னு பயமா? நானா?... சரி, ஒரு வருஷமா வர்றவங்க கிட்டல்லாம் 'எம்பொண்ணு கம்ப்யூட்டர் படிக்கிறா'ன்னு பீத்திக்கிட்டேன். பீத்திக்கிட்டேன்தான். அதுக்காக நீ அழுதுக்கிட்டே படிக்கணுமா? ராத்திரி சோத்தைப் பிசைஞ்சிட்டு அப்படியே வச்சிட்டுப் போற. நானும் பாத்துக்கிட்டுதான இருக்கேன்...

இருங்க சார், நுரை காஞ்சா மறுபடி போட்டுக்கலாம். எம்பொண்ணு!

...எனக்கு எப்படித் தெரியுமா? நீயும் உங்கம்மாவும் மேடத்துக்கிட்ட கேக்குறதுக்கு மூணு கேள்வி எழுதி, ஃப்ரிட்ஜ் மேல வச்சிருந்தா தெரியாமப் போகுமா? ஜியாலஜின்னு கொட்டை எழுத்துல! சின்ன வயசுலேர்ந்து பாவாடை பாக்கெட் பூரா கல்லு. வாஷிங் மெஷின் ரெண்டு தடவ நின்னு போச்சு. எனக்குத் தெரியாதாக்கும்!

சரி, கையில கொண்டு போயிருக்கியே, அந்தப் பேப்பரைத் திருப்பு... திருப்புடி! பின்னாடி நாலாவது கேள்வி இருக்கா?... என் கையெழுத்துதான். படி... சத்தமா... ஆமா, 'கல்லு தேடப் போகும்போது அப்பாவும் கூட வரலாமா?'

...ஏய், அழுறியா சிரிக்கிறியா?... ரெண்டுமா? சரி சரி, மூக்கைத் துடை... கதவைத் தெறந்துட்டாங்களா? போ, போ! போனை ஏன் அவங்ககிட்ட... வேணாம்! நான் வாயைத் தெறந்தா...

வணக்கம் மேடம்!... ஆமாங்க, அப்பாதான்... என் விருப்பமா? நான் பேச ஆரம்பிச்சா நாலு மணி தாண்டிடும் மேடம். அவளையே கேளுங்க. அவ சொல்றதுதான்... ம்... ம்... வருஷம் வீணாகாதா? ரெண்டு பேப்பர் மட்டும் கூட எழுதணுமா? எழுதுவா, எழுதுவா!... கையெழுத்துப் போட்டுட்டாளா?... ஐயய்யோ, நாலாவது கேள்வியையும் கேட்டுட்டாளா! சும்மா வெளையாட்டுக்கு... என்ன? வரலாமா?! நெசமாவா?... சுத்தியலா? கொண்டு வரேன் மேடம், ரெண்டா கொண்டு வரேன்! ஹலோ?... ஹலோ?

வச்சிட்டாங்க. சார், அந்தக் கன்னத்தைக் காட்டுங்க. ஒரு விஷயம் தெரியுமா, எம்பொண்ணு ஜியாலஜி படிக்கிறா!