மூடி திறக்காத பிரண்டி

ராசமலர்: அப்ப, சத்தியமாய் நீங்கள் குடிக்கிறேல்லை?

குணசேகரம்: போத்தல் மூடியைப் பாரன். எங்கையாவது உடைஞ்சு கிடக்கோ?

ராசமலர்: இல்லைத்தான்... எண்டாலும் என்னத்துக்கு அலுமாரிக்கு மேலை, பெட்டிக்குப் பின்னாலை, துவாயாலை வேறை சுத்தி... களவெடுத்த ஆள் மாதிரி?

குணசேகரம்: விழுந்து உடைஞ்சுபோம் எண்டுதான் துவாய்.

ராசமலர்: நான் டென்மார்க்குக்கு வந்து இண்டைக்குப் பதினெட்டு நாள். ஒரு வார்த்தை சொல்லேல்லை.

குணசேகரம்: நீ கேக்கேல்லை.

ராசமலர்: நல்ல கதை! ரண்டு வரியத்துக்குப் பிறகு காணுற மனுசனிட்டை, அலுமாரிக்கு மேலை என்ன கிடக்கு எண்டே கேக்கிறது?

குணசேகரம்: வேறை என்ன கேட்டனி? தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ எண்டு கேட்டாய்.

ராசமலர்: ...மறந்துபோச்சு. கட்டின புருசன்ரை தேத்தண்ணி மறந்துபோச்சு எண்டு எனக்கே வெக்கமாய்க் கிடந்துது.

குணசேகரம்: மெல்லக் கதை. பிள்ளை எழும்பினால் பேந்து என்னைக் கண்டு கத்துவாள்.

ராசமலர்: கத்தமாட்டாள். நேற்று உங்களை மாமா எண்டு கூப்பிட்டவள் எல்லோ?

குணசேகரம்: ஓமோம். பஸ் ட்றைவரையும் அப்பிடித்தான் கூப்பிட்டவள்.

ராசமலர்: சிரிக்க வையாதையுங்கோ... சரி, ஒளிச்சு வைச்ச சாமானை இண்டைக்கு என்னத்துக்கு இறக்கினனீங்கள்?

குணசேகரம்: செல்வராஜாவின்ரை மனுசி ஞானமலருக்கு முந்தநாள் பிள்ளை பிறந்தது எல்லோ. பச்சை உடம்பு. ஆஸ்பத்திரியிலை குளிர்ப் பாலும் பாணும் குடுக்கிறாங்களாம். அதுதான் இதைக் கொண்டுபோய்க் குடுப்பம் எண்டு... நாலரை பஸ்ஸுக்குப் போனால் பாத்திட்டு வரலாம்.

ராசமலர்: இதையோ? வேறை ஏதும் வாங்கிக் குடுங்கோவன்.

குணசேகரம்: இதிலும் திறம் எங்கை வாங்கிறது? பிரான்ஸ் சாமான். கொடிமுந்திரிப்பழ வைனைச் செப்பு அண்டாவிலை விட்டு ரண்டு தரம் காய்ச்சி வடிக்கிறது. பேந்து ஓக் மரப் பீப்பாவிலை வரியக்கணக்காய்ப் போட்டு வைக்கிறது. பழைய காலத்து முறை.

ராசமலர்: குடியாத மனுசனுக்கு உவ்வளவும் எப்பிடித் தெரியும்?

குணசேகரம்: எங்களுக்கு டேனிஷ் படிப்பிச்ச வாத்தியார், ஸ்வெண்ட் எண்டு, அவன் சொன்னவன். கொன்யாக் எண்ட ஊரின்ரை பேரை எழுதினால் விலை எங்கையோ போயிடுமாம். இது அந்த ஊருக்கு வெளியிலை காய்ச்சிறது, ஆனால் கைப்பக்குவம் ஒண்டுதான், பேருக்குக் காசு குடாதை எண்டான். ஜேர்மன் எல்லைக்கடைக்குச் சாமான் வாங்கப் போனவன், எனக்கும் ஒண்டு வாங்கியந்து தந்தவன். எனக்கு அப்ப விசா இல்லை, எல்லை தாண்டேலாது.

ராசமலர்: வாத்தியாரிட்டைப் போய்ப் பிரண்டி கேட்டிருக்கிறியள்!

குணசேகரம்: முதல் அவனிட்டைக் கேக்கேல்லை. முதல் அப்போதேக்குக்குப் போனனான்.

ராசமலர்: அதென்ன?

குணசேகரம்: மருந்துக்கடை. எங்கடை ஊரிலை பிள்ளை பெத்தவைக்குப் பிரண்டி மருந்துதானே. அப்ப மருந்துக்கடையிலைதானே விப்பாங்கள் எண்டு...

ராசமலர்: ஐயோ!

குணசேகரம்: கேளன். அங்கை நிண்ட மனுசி, ஆருக்கு எண்டு கேட்டா. என்ரை மனுசிக்கு, பிள்ளை பிறந்திருக்கு எண்டன். எந்த டொக்டர் எழுதித் தந்தது எண்டா. டொக்டர் இல்லை, மாமி எண்டன்.

ராசமலர்: மாமி எண்டோ? டேனிஷிலையோ?

குணசேகரம்: தெரிஞ்ச டேனிஷிலை. மனுசி என்னை மேலையும் கீழையும் பாத்திட்டு உள்ளுக்குப் போனா. மருந்துதான் எடுக்கிறா எண்டு நானும் சந்தோசமாய் நிண்டன். ஒரு கடதாசியைக் கொண்டுவந்து தந்தா. குடியை எப்பிடி விடுறது எண்டு அச்சடிச்ச கடதாசி.

ராசமலர்: கடவுளே... வயிறு நோகுது எனக்கு...

குணசேகரம்: சிரி, சிரி. அந்தக் கடதாசியையும் பிடிச்சுக்கொண்டு நான் இந்த வைலே டவுன் றோட்டிலை நிண்ட நிலை எனக்குத்தான் தெரியும்.

ராசமலர்: அழுதனீங்களோ?

குணசேகரம்: காத்து. கண்ணாலை தண்ணி வந்தது.

ராசமலர்: ...அப்ப, இது எனக்கு வாங்கினதோ?

குணசேகரம்: வேறை ஆருக்கு? பெம்பிளைப்பிள்ளை எண்டு தந்தி வந்த கிழமை வாங்கினது. தபால் கந்தோருக்குக் கொண்டுபோனன், போத்தல் எடுக்கமாட்டம் எண்டிட்டாங்கள். லண்டனாலை ஆரும் ஊருக்குப் போனால் குடுத்துவிடுவம் எண்டு வைச்சிருந்தன்... ஆர் போறது? எல்லாரும் அங்கையிருந்து வெளிக்கிட்டு வாற நேரம்.

ராசமலர்: அப்பவே குடிச்சு முடிச்சிருக்கலாமே.

குணசேகரம்: மனம் வரேல்லை. கூட இருந்த பாலேந்திரா காய்ச்சலிலை நடுங்கிக்கொண்டு ஒரு மிடறு கேட்டவன். குடுக்கேல்லை. இப்பவும் என்னோடை கோவம். ரண்டு வீடு மாறினன், ரண்டு தரமும் இதை மடியிலை வைச்சுக்கொண்டுதான் பஸ்ஸிலை வந்தனான்.

ராசமலர்: அப்பிடி வைச்சிருந்த சாமானை இண்டைக்கு ஊராருக்குக் குடுக்க மனம் வருதோ?

குணசேகரம்: உனக்குத்தான் இனித் தேவையில்லையே. அப்பவும் குறையில்லாமல் எல்லாம் நடந்ததுதானே. நீதான் எழுதினனி.

ராசமலர்: அந்தக் கடிதம்... இன்னும் இருக்கோ?

குணசேகரம்: இருக்கோவோ? எனக்கு மனப்பாடம். “அம்மா நேரத்துக்கு நேரம் மிளகு, மல்லிச் சரக்கு அரைச்சுக் கறி காய்ச்சித் தாறா. நொச்சி, பாவட்டை இலை அவிச்சுத் தண்ணி வாக்கிறா. பொழுதுபட்டால் சின்னக் கிளாசிலை பிரண்டி. கட்டிலை விட்டு இறங்க விடுறா இல்லை. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ.” அதை வாசிச்சுப்போட்டு அண்டைக்குத்தான் கண்ணை மூடி நித்திரை கொண்டனான்.

ராசமலர்: செல்வராஜா அண்ணையாக்கள் பெந்தகோஸ்தே சபை எல்லோ?

குணசேகரம்: ஓம்...

ராசமலர்: குடிவகைப் போத்தலை வாசலுக்குள்ளை எடுப்பினமோ?

குணசேகரம்: மருந்துக்குத்தானே...

ராசமலர்: அவை கேட்டவையோ?

குணசேகரம்: கேக்கேல்லை.

ராசமலர்: பேந்து?

குணசேகரம்: விடன் மலர். பஸ்ஸுக்கு நேரமாகுது.

ராசமலர்: பேந்தென்னத்துக்கு எண்டு கேக்கிறன்.

குணசேகரம்: ...எனக்கு இதை வீட்டிலை வைச்சுக்கொண்டு இருக்கேலாமல் கிடக்கு. நீ வரமுதல் இதைப் பாத்தால் ஆறுதலாய் இருந்தது. நீ வந்தாப்பிறகு பாக்கேலாது. நீ பிள்ளை பெறேக்கை நான் இல்லை எண்டு சொல்லிக்கொண்டே நிக்குது. பிள்ளை என்னை மாமா எண்டுறாள். நீ கட்டிலிலை அந்தக் கரையிலை கிடக்கிறாய்...

ராசமலர்: பிள்ளை நடுவிலை எல்லோ கிடக்கிறாள்.

குணசேகரம்: அவளைத் தொட்டிலிலை போட்டாப்பிறகும்.

ராசமலர்: ...கூச்சமாய்க் கிடக்கு. எனக்கென்ன ஆசை இல்லையெண்டே நினைக்கிறியள்? பிளேனிலை வரேக்கை உங்கடை முகத்தை நினைச்சுப் பாத்தன், வடிவாய் வரேல்லை. படத்தை எடுத்துப் பாத்துப் பாத்துத்தான் வந்தனான்.

குணசேகரம்: நானும் அப்பிடித்தான். நீ இஞ்சை குசினியிலை நிக்கேக்கையும் உன்னைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறன்.

ராசமலர்: போத்தலை இஞ்சை தாங்கோ.

குணசேகரம்: அப்ப ஞானமலருக்கு?

ராசமலர்: மிளகு, மல்லி, நற்சீரகம் எல்லாம் ஊரிலையிருந்து கொண்டந்தனான். நான் அரைச்சுக் கறி காய்ச்சித் தாறன், அடுத்த பஸ்ஸுக்குக் கொண்டுபோங்கோ. இது போகாது.

குணசேகரம்: அடி பிடியாய் நிக்கிறாய்! ஒருக்கால் குடிச்சு ருசி கண்டனியோ? மாமி தந்தது காணாதெண்டோ?

ராசமலர்: அம்மா வரவேயில்லை, இஞ்சருங்கோ. பிள்ளை பிறக்க முதல்நாள் சண்டையாலை பாதையைப் பூட்டினவங்கள், அவ வவுனியாவிலை நிண்டிட்டா. மூண்டாம் நாள் நான்தான் எழும்பிக் கிணத்திலை அள்ளிப் பிள்ளையின்ரை துணி தோச்சனான். கடிதத்திலை இருந்ததெல்லாம் நீங்கள் நித்திரை கொள்ளவேணும் எண்டு எழுதினது... மூடியைத் திறவுங்கோ. எனக்கு ஒருத்தரும் தரேல்லை. நீங்கள் தாங்கோ.