மல்லாட்டைத் தோல் செவுரு

— சத்தியமாச் சொல்றேன் மேடம், கறி வெட்டுற இந்தக் கைமேல அடிச்சுச் சொல்றேன், ஒரு வார்த்தை பொய்யில்ல. இந்த நாத்தம் இன்னிக்கு வந்தது இல்ல.

— கையை அந்தாண்ட எடுங்க பெரியவரே, ரத்தம் தெறிக்குது. கோழிக்கடை விருத்தாசலம் நீங்கதானே? மூக்கைப் பொத்திக்கிட்டாலும் நாத்தம் தாங்கல. கடைக்கு சீல் வைக்கத்தான் விழுப்புரம் சுகாதார ஆபீஸ்லேருந்து வந்திருக்கேன்.

— வைங்க, வேணாங்கல. நாப்பது வருசமா இந்தத் திண்டிவனத்துல இதான் என் பொழப்பு. மூடினா மருமவ கையில சோறு வாங்கித் தின்னணும். அதுக்கு முன்ன பின்செவுரு சமாச்சாரத்தைக் கேட்டுடுங்க.

— சொல்லித் தொலைங்க.

— சூளைக்கார அந்தோணிசாமி களிமண்ணுல மல்லாட்டைத் தோலை, அதாங்க வேர்க்கடலைத் தோலைக் கலந்து சுட்ட செங்கல்லுங்க அது. தோலு எரிஞ்ச எடமெல்லாம் ஓட்டை. நொறுங்கின தோலால ஓட்டைக்குள்ள ஓட்டை. தூளால அதுக்குள்ளயும் ஓட்டை. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. நாத்தம் உள்ள பூந்துதுன்னா குடிகாரன் கணக்காத்தான். நாலடி போவும், மூணடி திரும்பும், முட்டுச்சந்துல போய் நிக்கும். நீங்க இப்ப மோந்தது போன தீவாளிக் கோழி.

— உவ்வே. கட்டை மேல என்ன அது, புழுவா?

— அரிசிங்க.

— நெளியுதே.

— காத்துல. சத்தமும் அப்படித்தாங்க. சித்திரையில செவுத்தைப் பாத்து ஒரு தும்மல் போட்டேன். ஓட்டையெல்லாம் ஒரே சீரா இருந்தா அந்தப் பக்கம் போயிருக்கும். கோணல்மாணலா இருக்கவே, போற சத்தமும் வர்ற சத்தமும் மோதிக்கினு போட்ட எடத்துலயே தங்கிடுச்சு. கொத்தனார் வேங்கடேசன் காதை வெச்சுக் கேட்டுட்டு, "ஆயுசு நூறு"ன்னான்.

— உள்ள போன நாத்தம் வெளிய வராதுன்னா எனக்கு எப்படி அடிக்குது?

— கிட்ட வந்துட்டீங்க. அது பொறந்த எடத்தைச் சுத்தியே கெடக்கும், ரெண்டு கடை தாண்டாது. பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க, ஒண்ணும் தெரியாது.

— பேசும்போது அந்த ஈயை ஓட்டுங்க, வாய்க்குள்ள போகுது.

— பழக்கமான ஈதாங்க.

— சீ. இங்க பாருங்க, நானே காதை வெச்சுக் கேக்கறேன். தும்மல் கேட்டா இன்னிக்கு விட்டுட்டுப் போயிடறேன். கேக்கலன்னா இப்பவே பூட்டு. எங்க அந்தச் செவுரு?

— செவுரு இன்னும் கட்டலீங்க மேடம். பின்னால தார்ப்பாய்தான் தொங்குது.