ஷிஹாராவின் கைவேகம்

கற்பிட்டியில் கணினி வாங்குகிற எவரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: இடைக்கிடை நினைவகத் தகடான ரேமைக் கழற்றி அதன் முனைகளை அழிறப்பரால் மெல்லத் தேய்த்துவிடுங்கள். இந்த ஊர் உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. காதியார் அவர்களே, என் மனைவி ஷிஹாரா விவாகரத்துக் கேட்டு உங்கள் முன் வந்திருப்பதால், கணினிக்கடை வைத்திருக்கும் முஹ்ஸின் ஆகிய நான் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அவள் கணினியில் துப்பாக்கிச் சண்டை விளையாடுகிறவள். அதை இணையத்தில் நாடு முழுக்க ஆட்கள் பார்த்தார்கள். அந்தக் கணினியைக் கட்டிக் கொடுத்தது நான். எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைத்தான் விசாரிப்பார்கள். எதிரி மூலையிலிருந்து பாய்கிற கணத்தில் படம் சிக்காமல் ஓடுவதற்கு ரேமும் வேகமாக இருக்க வேண்டும். அதை 3600 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓட வைத்து, அதன் தாமத நேரங்களை ஒவ்வொன்றாக இறுக்கி, கணினி தொங்கிப்போனால் மறுபடி தளர்த்தி, வாரக்கணக்கில் மினக்கெட்டேன். பெரிய போட்டியொன்றில் வென்றபோது அத்தனை பேர் பார்க்க அவள் சொன்னாள்: "எல்லாம் என்ட கைவேகம் தான்."

எனக்குக் கோபம் வந்தது. இன்றும் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களுக்கும் நான் "ஷிஹாராட மாப்புள" தான். குடியிருப்பதோ அவள் வாப்பா கொடுத்த வீடு. அப்போதுதான் கொழும்பு அணியொன்று ஆள் சேர்க்க, வீட்டிலிருந்தே ஆடிக் காட்டும் தேர்வுக்கு அவளைக் கூப்பிட்டது. போகாதே என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் கெட்டவனாவேன். வேண்டாம் என்பதை அவளே சொல்ல வேண்டும்.

அதனால் ரேமின் வேகத்தைக் குறைத்தேன். ஒரேயடியாகக் குறைத்தால் பிடித்துவிடுவாள். அவள் குளிக்கப் போகும்போது ஒரு படி, தன் உம்மா வீட்டுப் பக்கம் போகும்போது இன்னொரு படி. கவனத்தைச் சிதறடிக்கும் என்று சொல்லி, படம் ஓடும் வேகத்தைக் காட்டும் எண்ணையும் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். கடைசியில் 2133க்கு வந்தது. சும்மா நடக்கும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. சண்டை மூளுகிற இடத்தில் மட்டும் படம் கண்ணிமைக்கும் நேரம் சிக்கும். அங்கேதான் அவள் தோற்றாள்.

"மெஷின்ல ஏதும் கொளாறு இரிக்கா, பாருங்களே" என்றாள். அவள் முன்னாலேயே மெமரி டெஸ்ட் போட்டுக் காட்டினேன். ஒரு பிழையும் வரவில்லை. மெதுவாக ஓடுகிற ரேம் பிழை விடாது.

"அப்ப என்ட கை தான்" என்றாள்.

அவள் உம்மா, என் மாமி, அதைக் கண்ணூறு என்றார். "இத்தன பேர்ட கண்ணு பட்டா புள்ளட கை என்னத்துக்கு ஆகும்?" பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதி, மணிக்கட்டில் நூல் கட்டி, ஓதின தண்ணீர் கொடுத்தார். அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்தது நான்தான். அதன்பிறகு அந்த வீட்டில் ஒருவரும் கணினியைச் சந்தேகப்படவில்லை. தேர்வில் தோற்று அவள் அழுதபோது தலையைத் தடவிக் கொடுத்ததும் நான்தான்.

அதோடு விட்டிருப்பேன். அவள் விடவில்லை. "இன்னொருக்கா பழகிப் பாக்குறேன்" என்றாள். அந்தத் திமிர் எனக்குப் பொறுக்கவில்லை. புத்தளத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவள் வாய் திறக்குமுன் கையில் நரம்புத் தளர்ச்சி என்று நானே சொன்னேன். மாத்திரை தந்தார். அதைக் குடிக்கத் தொடங்கியபின் கை உண்மையாகவே நடுங்கியது. வேளை தவறாமல் நானே எடுத்துக் கொடுத்தேன்.

கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்த அவள் தம்பி ஃபாஹிம் சும்மா அந்தக் கணினியில் உட்கார்ந்தான். "என்ன மச்சான், 3600 ரேம் 2133ல ஓடுது?" என்று கேட்டான். நான் எட்டித் திரையை அணைக்கப் போனேன். அதற்குள் ஷிஹாரா தன் கையை விரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஓம், எல்லாம் நான் செய்ததுதான். ஆனால் அவள் கேட்கிற விவாகரத்தைக் கொடுக்க எனக்கு மனமில்லை. கை நடுங்குகிற ஒரு பெண்ணை என்னைப் போல் பொறுமையாக வேறு யார் பார்த்துக்கொள்வார்கள்?